கிருஷ்ணகிரி கல்யாணத்துக்குத் தங்க எந்த செயின் ஓட்டல் நல்லது?

கேள்வி சுருக்கமாக இது. சென்னையிலிருந்து காரில் ஐந்து பேர் வருகிறார்கள்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அப்பா. கிருஷ்ணகிரியில் ஆவணி மாதம் சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு காலை முகூர்த்தம். மறுநாள் ஒகேனக்கல் பார்த்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். ஓயோ, ட்ரீபோ, ஃபேப் ஓட்டல்ஸ், ஜிஞ்சர், ஐபிஸ் இவற்றில் எது வசதி, எது கொடுக்கிற காசுக்குத் தகும்?

நான் தர்மபுரிக்காரன். இருபது வருடங்களுக்கு மேல் மெடிக்கல் ரெப்பாக இந்தப் பக்கம் சுற்றியவன். எங்கள் தொழிலில் சொந்த ஊர் ஹெட் குவார்ட்டர்ஸ், காலையில் போய் ராத்திரி திரும்பினால் எக்ஸ் ஸ்டேஷன், தங்கினால் அவுட்ஸ்டேஷன். அவுட்ஸ்டேஷனுக்குக் கம்பெனி ஒரு நாளைக்கு இவ்வளவு என்று படி கொடுக்கும். லாட்ஜில் மிச்சம் பிடித்தால் அது நம் பாக்கெட்டுக்கு. ஆகவே ஓட்டல் கணக்கில் எனக்கு இருப்பது சுற்றுலாப் பயணியின் ஆர்வம் இல்லை, வயிற்றுப்பிழைப்பு.

முதலில் ஒன்று. நீங்கள் சொன்ன ஐந்தும் ஒரே ரகம் இல்லை. எங்கள் ஊர் மண்டியில் பெங்களூரா மாம்பழத்தையும் அல்போன்சாவையும் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று கேட்டால் வியாபாரி சிரிப்பார். ஒன்று கூழ் ஆலைக்குப் போவது, இன்னொன்று கடித்துச் சாப்பிடுவது. ஓட்டல் செயின்களிலும் அப்படி இரண்டு வகை இருக்கிறது. கட்டடத்தையும் ஆட்களையும் கம்பெனியே தன் கையில் வைத்து நடத்துவது ஒரு வகை. ஏற்கெனவே இருக்கும் லாட்ஜுக்குத் தன் பெயரைக் கொடுத்து, ஆப்பில் அறையை விற்றுக்கொடுத்து, வருமானத்தில் பங்கு வாங்கிக்கொள்வது இன்னொரு வகை.

ஜிஞ்சர் முதல் வகை. தாஜ் ஓட்டல்களை நடத்தும் டாடா நிறுவனத்தினுடையது. 2004இல் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ‘இண்டிஒன்’ என்ற பெயரில் முதல் ஓட்டலைத் திறந்தார்கள். கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத்துடன் சேர்ந்து யோசித்த திட்டம் அது. பகட்டைக் குறைத்துவிட்டு, நல்ல படுக்கை, சுத்தமான குளியலறை, பயமில்லாத இடம் ஆகியவற்றை மட்டும் சரியாகக் கொடுப்பது. பெட்டியை நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்ற மாதிரி ஏற்பாடுகள் ஆரம்பத்தில் இருந்தன. இப்போது ஜிஞ்சர் கொஞ்சம் அலங்காரம் கூடி, விலையும் ஏறி, பட்ஜெட் என்ற சொல்லிலிருந்து விலகித்தான் நிற்கிறது.

ஐபிஸ் பிரான்சின் அக்கார் குழுமத்தைச் சேர்ந்தது. முதல் ஐபிஸ் 1974இல் போர்தோ நகரில் திறந்தது. இந்தியாவில் இண்டிகோ விமானக்காரர்களின் இண்டர்குளோப் குழுமத்தோடு கூட்டு சேர்ந்து வந்தார்கள். பெங்களூரு ஓசூர் ரோட்டிலும் ஒன்று இருக்கிறது. கம்பெனி மீட்டிங்குக்கு அங்கேயும், ஜிஞ்சரிலும் தங்கியிருக்கிறேன். இவர்களிடம் நான் கண்ட பெரிய வசதி, ஆச்சரியம் எதுவும் இல்லாததுதான். அறை சின்னதுதான். பீரோ மாதிரி பெரிய அலமாரி கிடையாது, திறந்த ரேக்தான். ஆனால் மெத்தை நன்றாக இருக்கும், பைப்பைத் திருகினால் வெந்நீர் வரும், மூன்றாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் ஒரே மாதிரி அறை. ஐபிஸ் ஓட்டல்களில் ‘15 நிமிட வாக்குறுதி’ என்று ஒன்று இருந்தது. ஓட்டலால் ஏற்பட்ட குறையை 15 நிமிடத்தில் சரிசெய்யாவிட்டால் அதற்கு ஈடு தருவதாகச் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

சரி, அப்படியானால் அதிலேயே தங்கிவிடலாமே என்பீர்கள். கல்யாணம் கிருஷ்ணகிரியில். பெங்களூரு 90 கிலோமீட்டர். நடுராத்திரி வரவேற்பு முடிந்து அங்கே போய்ப் படுத்துவிட்டு, விடியற்காலை முகூர்த்தத்துக்குத் திரும்ப முடியாது. ஓசூரில் தங்கலாமா என்றால், அதுவும் 50 கிலோமீட்டர் பக்கம். ஆக, செயின் பெயருக்காக ஊரை மாற்றுவதில் அர்த்தம் இல்லை. கிருஷ்ணகிரி டவுனில் பெரும்பாலும் கிடைப்பது உள்ளூர் லாட்ஜுகளும், அவற்றில் சில மாட்டிக்கொண்டிருக்கும் செயின் போர்டுகளும்தான்.

அந்தப் போர்டு விஷயம்தான் இரண்டாவது வகை. ஓயோ 2013இலும், ஃபேப் ஓட்டல்ஸ் 2014இலும், ட்ரீபோ 2015இலும் வந்தவை. அதற்கு முன்னால் ஆப்பைத் திறந்து தெரியாத ஊரில் லாட்ஜ் எடுக்கும் பழக்கமே நமக்கு இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எதிரே தெரியும் முதல் மாடிப்படியில் ஏறி, “அறையைக் காட்டுங்க” என்று சொல்லி, கட்டில் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவோம். இவர்கள் அந்தப் பார்க்கும் வேலையை நமக்குப் பதிலாகத் தாங்கள் செய்வதாகச் சொன்னார்கள். வெள்ளை விரிப்பு, ஏசி, டிவி, வைஃபை, சுத்தமான குளியலறை இருக்கும் என்ற உறுதி. அதில் பாதி நிஜமாகவே நடந்தது. எங்கள் பக்கத்து லாட்ஜுகளில் பூப்போட்ட பழைய விரிப்பு போய் வெள்ளை வந்ததற்கு இவர்களுக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் கட்டடம் லாட்ஜ்காரருடையது, ரூம் பாய் லாட்ஜ்காரருடைய ஆள், மோட்டார் போடுவதும் அவர்தான். ஓயோ ஆரம்பத்தில் பல உரிமையாளர்களுக்கு மாதம் இவ்வளவு நிச்சயம் என்று ஒரு தொகை கொடுத்துவந்தது. பிறகு அதை விட்டுவிட்டு வருமானப் பங்குக்கு மாறியது. நிச்சயத் தொகை இல்லாதபோது உரிமையாளர் என்ன செய்வார்? ஆப்பில் வரும் ஆளுக்குக் கமிஷன் போக மிஞ்சுவது குறைவு, நேரில் வரும் ஆள் முழுப்பணம் கொடுப்பார். கூட்டம் இல்லாத நாளில் இரண்டு பேரும் ஒன்றுதான். முகூர்த்த நாளில் ஒன்றில்லை.

இது எனக்கே நடந்தது. செயின் பெயரைச் சொல்ல வேண்டாம். ஒரு முகூர்த்த நாள் இரவு, ஓசூர் வேலை முடித்து பதினொரு மணிக்கு ஆப்பில் எடுத்த லாட்ஜுக்குப் போய் நிற்கிறேன். ரிசப்ஷனில் இருந்த பையன் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “இந்த ஆப்பு ரூமெல்லாம் நாங்க நிறுத்திட்டோம் சார். வேணும்னா டைரக்டா ஒரு ரூம் இருக்கு” என்றான். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறு இடம் தருகிறேன் என்கிறார்கள். அங்கே போன் எடுக்க ஆளில்லை. கடைசியில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வழக்கமாகத் தங்கும் பழைய லாட்ஜுக்குப் போனேன். மேனேஜர் அண்ணன் தூக்கக் கலக்கத்தில், “ஏன் சார், ஒரு போன் போட்டிருந்தா 204ஐ வச்சிருப்பேனே” என்று திட்டிவிட்டு, தூணோரம் இருந்த ஒரு சிங்கிள் ரூமைத் திறந்துவிட்டார். மெத்தை நடுவில் குழி விழுந்திருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

எல்லா ஆப் ஓட்டலும் இப்படி என்று சொல்லவில்லை. ஒரே செயினுக்குள்ளேயே தரம் பிரித்து வைத்திருப்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஓயோவில் டவுன்ஹவுஸ், கேபிடல் ஓ, கலெக்‌ஷன் ஓ, ஸ்பாட் ஆன் என்று பல பெயர்கள் உண்டு. ஸ்பாட் ஆன் அடிமட்ட விலைக்கு, டவுன்ஹவுஸ் மேல்தரத்துக்கு. ‘ஓயோ மோசம்’ என்று ஒருவரும் ‘ஓயோ பரவாயில்லை’ என்று இன்னொருவரும் சொன்னால் இரண்டு பேரும் வெவ்வேறு கடையில் சாப்பிட்டவர்கள். அதே கம்பெனிதான் 2024இல் அமெரிக்காவின் மோட்டல் 6 செயினை 52.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. கிருஷ்ணகிரி பழையபேட்டை சந்து லாட்ஜில் ஓயோவின் சிவப்புப் போர்டு பார்த்த எங்களுக்கு அதைக் கேட்டபோது கொஞ்சம் தலை சுற்றியது. ட்ரீபோவைப் பொறுத்தவரை என் அனுபவம் சற்றுத் தெளிவானது: அறை பெரும்பாலும் படத்தில் காட்டியது போலவே இருந்தது, காலைச் சிற்றுண்டியும் சேர்த்தே கொடுத்தார்கள். ஃபேப்பில் இரண்டு முறைதான் தங்கினேன், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, குறையும் இல்லை. குடும்பத்தோடு போவதாக இருந்து, மூன்றும் ஒரே விலையில் இருந்தால், நான் ட்ரீபோ பக்கம் சாய்வேன்.

இப்போது உங்கள் பணத்தைத் தீர்மானிக்கும் விஷயம். இதை ஆப்பில் யாரும் பெரிதாக எழுதிவைப்பதில்லை. செயின் ஓட்டல்களில் பொதுவாகப் பகல் 12 மணிக்கு உள்ளே, மறுநாள் 11 மணிக்கு வெளியே. சில இடங்களில் இரண்டு மணிக்குத்தான் சாவியே தருவார்கள். நம் ஊர் லாட்ஜுகளில் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. சாவி வாங்கிய நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை ஒரு நாள்.

உங்கள் கல்யாணத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வந்து சேருகிறீர்கள். ஞாயிறு காலை முகூர்த்தம், மொய் எழுதி, போட்டோ எடுத்து, பந்தியில் உட்கார்ந்து எழ எப்படியும் பன்னிரண்டு ஆகும். செயின் ஓட்டலில் 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்றால், பட்டுப்புடவையோடு நடுவில் ஓடிவந்து பெட்டி கட்டி, அப்பாவையும் இறக்கி, காரில் வைத்துவிட்டு மறுபடி மண்டபம் போக வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு நாள் வாடகை. 24 மணி நேர லாட்ஜில் அதே ஒரு நாள் வாடகையில் ஞாயிறு நான்கு மணி வரை அறை உங்களுடையது. சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கலாம். இந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் 24 மணி நேர லாட்ஜைச் சொல்வேன். ஆனால் இரவு பஸ்ஸில் விடியற்காலை ஐந்துக்கு வந்து இறங்குபவருக்குக் கணக்கு மாறும். அவருக்கும் உடனே சாவி கிடைக்கும், ஆனால் மறுநாள் ஐந்து மணிக்கே நாள் முடிந்துவிடும். இரண்டாம் நாளும் தூங்கி எழ நினைத்தால் இரண்டு வாடகை.

அடுத்தது வரி. 2022 ஜூலை 17 வரை நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு ஜிஎஸ்டி இல்லை. ஊரெல்லாம் 999 ரூபாய் அறை முளைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 18ஆம் தேதியிலிருந்து அதற்கும் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீதம் ஆகிவிட்டது. 1,800 ரூபாய் அறைக்கு வரி 90 ரூபாய்தான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவு செய்யாத சின்ன லாட்ஜில் நேரில் தங்கினால் வரி கேட்க முடியாது. அதே லாட்ஜின் அறையை ஆப் வழியாக எடுத்தால், அந்த வரியை ஆப் நிறுவனம் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வதால் அது உங்கள் பில்லில் வந்துவிடும். ஆகவே ஆப்பில் விலையைப் பார்த்துக்கொண்டு, லாட்ஜுக்கே போன் போட்டு “டைரக்டா வந்தா எவ்வளவு?” என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். கமிஷன் மிச்சம் அவருக்கு, அதில் ஒரு பங்கு உங்களுக்கு.

வசதி என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டு விஷயம்: தண்ணீரும் சத்தமும். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது பழைய கதை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லாட்ஜ் குழாயில் வருவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறு மாதிரி ஆகும். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். வெந்நீர் சோலாரில் வருவது என்றால் காலை ஆறு முதல் ஒன்பது வரை என்று நேரம் வைத்திருப்பார்கள். முகூர்த்தம் ஆறரைக்கு என்றால் நாலரைக்குக் குளிக்க வேண்டும், அப்போது சோலார் உதவாது. குளியலறையில் கீசர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சத்தம் பற்றி. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலைகளின் முடிச்சு. பெங்களூரிலிருந்து சேலம் போகும் வழியும் சென்னை போகும் வழியும் இங்கேதான் பிரிகின்றன, திருவண்ணாமலை, திண்டிவனம் ரோடும் இங்கிருந்துதான். ராத்திரி இரண்டு மணிக்கு ஏர் ஹாரன் கேட்கும். படத்தில் ‘ஹைவே வியூ’ என்று அழகாகப் போட்டிருந்தால் அது லாரி வியூ. பின்பக்கத்து அறை கேளுங்கள். பின்பக்கம் என்றதும் சிலர் ஜன்னலே இல்லாத உள்ளறையைத் தந்துவிடுவார்கள், ஜன்னல் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். லாட்ஜுக்குக் கீழேயோ பக்கத்திலோ கல்யாண மண்டபம் இருந்தால் அது இன்னொரு கூத்து. உங்கள் கல்யாணச் செண்டை மேளத்தோடு பக்கத்துக் கல்யாண டிஜேவும் இலவசம்.

நாள் பற்றியும் சொல்ல வேண்டும். ஓசூரில் திங்கள் முதல் வெள்ளி வரை அறை விலை ஏறும். தொழிற்சாலைகளுக்கு வரும் ஆட்கள்தான் காரணம். சனி, ஞாயிறு இறங்கும். கிருஷ்ணகிரி இதற்கு நேர் எதிர்: முகூர்த்தமும் சனி ஞாயிறும் சேர்ந்தால் கிடைப்பதே பாக்கியம். பௌர்ணமிக்கு கிரிவலம் போகும் பெங்களூர்க் கூட்டம் வேறு இந்த வழியாகத்தான் போகிறது. உங்கள் தேதி ஆவணி முகூர்த்தம் என்பதால் ஒரு மாதம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். ‘ஓட்டலில் பணம் கட்டலாம்’ என்ற வசதி மற்ற நாளில் நல்லது, முகூர்த்த நாளில் அது அறையைக் காப்பாற்றாது. முன்பணம் கட்டி, ரசீதை வாட்ஸ்அப்பில் வாங்கி, முந்தைய நாள் மறுபடி போன் போடுங்கள். பெரியவர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு சொந்தக்காரர் யாராவது சேர்ந்துகொண்டால், அவர் விவரத்தை லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும். சின்ன லாட்ஜுகள் அந்தத் தொல்லைக்குப் பயந்து அறை இல்லை என்று சொல்லிவிடும். அவருக்கு மட்டும் பெரிய ஓட்டலாகப் பாருங்கள்.

இலவசக் காலை உணவுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். உங்களுக்குக் காலையில் மண்டபத்திலேயே டிபன். மற்ற நாளிலும் பிரெட்டும் ஆறிப்போன உப்புமாவும்தான் என்றால் தெருமுனை மெஸ்ஸில் சூடாக இட்லி கிடைக்கும்.

ஒகேனக்கலுக்கு வருவோம். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி 45 கிலோமீட்டர் சொச்சம், அங்கிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் இன்னொரு 46. ஞாயிறு நான்கு மணிக்குக் கிருஷ்ணகிரி அறையைக் காலி செய்து, அன்றிரவு தர்மபுரியில் தங்கிவிட்டுக் காலையில் போவது அப்பாவுக்கு நல்லது. அருவிக்குப் பக்கத்திலேயே தங்க ஆசை என்றால் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு ஒகேனக்கலில் இருக்கிறது. அதுவும் ஒரு செயின்தான், உங்கள் பட்டியலில் விட்டுப்போனது. மினுமினுப்புக்காக அல்ல, இடத்துக்காகத் தங்குவது. இந்தப் பகுதியை மட்டும் ரத்து செய்யும் வசதியோடு எடுங்கள். ஆவணியில் கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் கூடுதலாகத் திறந்தால் பரிசலுக்கும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். தடை இருந்தால் நேரே ஊர் திரும்பலாம்.

அப்பாவுக்காகக் கேட்க வேண்டியதைக் கடைசியில் வைத்தேன், ஆனால் போனில் முதலில் கேளுங்கள். லிஃப்ட் இருக்கிறதா, அது ராத்திரி ஓடுமா? வெஸ்டர்ன் டாய்லெட்டா? குளியலறை வாசலில் படி எவ்வளவு உயரம்? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் லாட்ஜை எடுங்கள், வாசலில் எந்தப் போர்டு இருந்தாலும். ஐந்து பேருக்கு ஒரு ட்ரிபிள் ரூமும் ஒரு டபுள் ரூமும் எடுத்து, டபுளில் அப்பாவோடு ஒரு பிள்ளையைப் படுக்க வையுங்கள். சாவி வாங்கும்போதே குளியலறைக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டு வாங்கிவிடுங்கள். டைல்ஸ் வழுக்கும், போர் தண்ணீர்ப் படிவு இருந்தால் இன்னும் மோசம்.